திங்கட்கிழமை மேட்னி

பிப்ரவரி மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் எல்ஜின் கேட்ஸ்டனுக்கு ஒரு வேலை இருந்தது. மிஸ் ஆர்லின் வீட்டு அடித்தள அறையில் ஏழெட்டுப் பேர் கூடியிருப்பார்கள். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள், காலையில் சர்ச்சுக்குப் போன உடுப்பை மாற்றாமல் அப்படியே வந்தவர்கள். ரோஸ்கோ டிலரியின் ஜாஸ் குழு பெர்ல் ரூம் கிளப்பில் வாசித்த ரெக்கார்டு சுழலும். இரண்டாம் பக்கத்து முதல் பாட்டில் டிலரி சாக்ஸஃபோனோடு படிப்படியாக ஏறிப் போய், உச்சியில் மூச்சுக்காக ஒரு நொடி நிற்பார். அந்த இடைவெளியில் கூட்டத்துக்குள்ளிருந்து ஓர் ஆண்குரல் எழும்: "அவசரமில்ல ராசா, நிதானமா சொல்லு!" உடனே அறையில் இருக்கிற அத்தனை தலையும் எல்ஜின் பக்கம் திரும்பும். எல்ஜின் எழுந்து நின்று கையிலிருக்கும் கோப்பையை உயர்த்துவார். அவ்வளவுதான் வேலை. இருபத்திரண்டு வருஷமாக ஒரு பிப்ரவரி தவறாமல் செய்துவந்தார்.

மற்றபடி அவர் பெரிய ஆள் கிடையாது. முப்பத்தாறு வருஷம் தபால் அலுவலகத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்தவர். முழங்காலில் வாதம், இடது கண்ணில் புரை. மனைவி கோரா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. ஒரு வாத்தியத்தையும் தொட்டு வாசிக்கத் தெரியாது. ஆனால் வட ஃபிலடெல்ஃபியாவில் ஜாஸ் கேட்பவர்களிடம் "நிதானம்" என்று சொன்னால் போதும், யாரென்று தெரியும். ஒருமுறை ரேடியோவில் கூப்பிட்டுப் பேசவைத்தார்கள். இன்னொரு முறை ஜப்பானிலிருந்து வந்த ரெக்கார்டு சேகரிப்பவர் ஒருவர் முடிதிருத்தும் கடையில் அவரைத் தேடிப் பிடித்து, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, இடுப்பு வளையக் குனிந்து வணங்கிவிட்டுப் போனார். கடைக்காரர் அந்தக் கதையை ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடிதம் பிரிக்கிறவன் விரல் வழியாக ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான பெயர்கள் போகும். ஒன்றுகூடத் தன் பெயராக இருக்காது. அந்த எல்ஜினுக்கு, உலகத்தில் ஏதோ ஒரு மூலையில் யாரோ அந்த ரெக்கார்டைப் போடும்போதெல்லாம் தன் குரல் அங்கே எழுந்து நிற்கிறது என்ற நினைப்பு முதுகுத்தண்டு மாதிரி. அதைப் பிடித்துக்கொண்டுதான் கோராவின் சாவைக்கூடத் தாண்டி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒரே ஒரு சட்டம் உண்டு. பாஸ் என்கிற பெரிய தந்தி வாத்தியம் தனியாக ஒலிக்கும்போது யாரும் பேசக் கூடாது. அந்தக் காலத்து கிளப்புகளில் நடந்த பாவத்துக்கு இது பரிகாரம். சாக்ஸஃபோனும் டிரம்பெட்டும் ஓய்ந்து, பாவம், ஆள் உயரத்துக்கு நிற்கும் அந்தப் பாஸை ஒருவர் தனியாக மீட்டத் தொடங்கியதும்தான் மேஜைக்கு மேஜை பேச்சு கிளம்பும், கோழிக்கறி வேண்டும், ஐஸ் வேண்டும் என்று ஆர்டர் பறக்கும். அன்று பேசிய வாய்கள் இப்போது மூடியிருக்க வேண்டும். மீறினவர் அன்றைக்கு எல்லார் தட்டையும் கழுவ வேண்டும். சட்டத்தைப் போட்டவர் வீட்டுக்காரி மிஸ் ஆர்லின். அவருக்கு அந்த உரிமை இருந்தது. கொலம்பியா அவென்யூவில் பெர்ல் ரூம் இருந்தவரை அங்கே பரிமாறியவர் அவர்தான். தெருவுக்கு இப்போது வேறு பெயர். இவர்கள் யாரும் அதைச் சொல்வதில்லை.

எல்ஜினை விடாமல் சீண்டுகிறவர் ஒருவர் உண்டு. ஹோசியா பிராட்நாக்ஸ், ஓய்வுபெற்ற கொத்தனார். வாலிபத்தில் டிரம்ஸ் வாசிக்க ஆசைப்பட்டு, கடைசிவரை முழங்காலில் மட்டும் வாசித்தவர். எல்ஜின் கோப்பையை இறக்குவதற்குள், "தாளத்துல ஒரு அடி தள்ளிக் கத்திட்டியேப்பா. அந்த டிரம்மர் உன்னப் பார்த்து முறைச்சது எனக்கு இங்க கேக்குது" என்பார். வருஷா வருஷம் அதே வசனம். எல்லோரும் வருஷா வருஷம் சிரிப்பார்கள்.

எல்ஜின் யாரிடமும் சொல்லாத சங்கதி ஒன்று இருந்தது. கோராவிடம்கூடச் சொன்னதில்லை.

தென் கரோலினாவிலிருந்து அம்மா இரண்டு பையன்களையும் ரயிலேற்றிக் கூட்டிவந்து ஓர் ஒற்றை அறையில் வைத்து வளர்த்தாள். மூத்தவன் எல்ஜின். இரண்டு வயது இளையவன், அதே முகஜாடை கொண்ட ரூஃபஸ். ஒருவன் தபால் அலுவலகத்திலும் ஒருவன் துறைமுகத்திலும் வேலைக்குப் போன பிறகு இருவரும் சேர்ந்து ஒரு சூட் வாங்கினார்கள். சாம்பல் நிறம், மெல்லிய கோடு, குறுகலான மார்புப்பட்டை. பெர்ல் ரூமுக்குள் சூட் இல்லாமல் நுழையக் கூடாதென்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரியும். மேடையில் இருப்பவர்கள் மாப்பிள்ளை மாதிரி உடுத்தி வரும்போது, கேட்க வருகிறவன் வேலைச் சட்டையோடு எப்படி உட்காருவான்?

ஒரு சூட்டில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் போக முடியாது. பெர்ல் ரூமில் திங்கட்கிழமையும் சனிக்கிழமையும் மேட்னி உண்டு, நாலு மணியிலிருந்து ஏழு வரை. திங்கட்கிழமை தபால் மலைபோலக் குவிந்திருக்கும். எல்ஜினுக்கு விடுப்பு கிடைக்காது. ரூஃபஸ் விடியலுக்கு முன்னால் துறைமுகம் போய் மூன்று மணிக்கெல்லாம் திரும்பிவிடுவான். ஆகவே திங்கள் ரூஃபஸுக்கு, சனி எல்ஜினுக்கு. தையல் எல்ஜினின் அளவுக்கு. ரூஃபஸ் ஒன்றரை அங்குலம் உயரம் கூடுதல் என்பதால் அவன் போட்டால் காலுறை எட்டிப் பார்க்கும். அவன் அதைக் கண்டுகொள்ள மாட்டான். போய்விட்டு வந்தவன் அடுக்களை மேஜையில் கரண்டிகளை வைத்துக்கொண்டு, டிரம்பெட் என்ன சொல்லிற்று, சாக்ஸஃபோன் அதற்கு என்ன பதில் கொடுத்தது என்று மற்றவனுக்கு நடித்துக் காட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம். மூன்று வருஷத்தில் அண்ணனும் தம்பியும் ஒன்றாக ஒருமுறைகூட அந்தக் கதவுக்குள் போனதில்லை.

ஹார்ட் பாப் என்று அந்த இசைக்கு ரெக்கார்டு அட்டைக்காரர்கள் பெயர் வைத்தார்கள். கொலம்பியா அவென்யூக்காரர்களுக்கு அது ஞாயிறு காலையில் பிரசங்கியார் செய்கிற வேலையைச் சனிக்கிழமை சாயங்காலம் சாக்ஸஃபோன் செய்வது, அவ்வளவே. அம்மா போகும் சர்ச்சில் பிரசங்கியார் உணர்ச்சி மேலிட்டுத் தடுமாறும்போது முன்வரிசைக் கிழவர்கள், "அவசரமில்ல ராசா, நிதானமா சொல்லு" என்று தாங்கிப் பிடிப்பார்கள். அதைக் கேட்டு வளர்ந்த இரண்டு பையன்களுக்கும் அது நாக்கில் ஊறியிருந்தது. 1960 பிப்ரவரியில் டிலரியின் குழு ஒரு வாரம் வாசித்தபோது ரெக்கார்டு கம்பெனிக்காரர்கள் மைக் வைத்துப் பதிவு செய்தார்கள். எல்ஜின் சனிக்கிழமை போனான், கத்தினான். அது சத்தியம். ரெக்கார்டு வந்தபோது அட்டையில் "பிப்ரவரி 13, சனிக்கிழமை மேட்னி" என்று அச்சடித்திருந்தது. குரலைக் கேட்டதும் எல்ஜின் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து அது தான்தான் என்றான். ரூஃபஸ் ஊசியைத் தூக்கிப் பின்னால் வைத்து இன்னொரு தடவை கேட்டான். பிறகு அண்ணன் முகத்தைப் பார்த்தான்.

"நம்ம சூட்டோட குரல்தான்" என்றான், சிரித்துக்கொண்டே.

நாலு வருஷம் கழித்து துறைமுகத்தில் பளுதூக்கும் கிரேனின் கயிறு அறுந்து சுமை விழுந்ததில் ரூஃபஸ் போய்விட்டான். அந்தச் சாம்பல் சூட்டைப் போட்டுத்தான் அடக்கம் செய்தார்கள். காலுறை தெரியாமலிருக்க அம்மா பேண்டின் மடிப்பைப் பிரித்துக் கீழே இறக்கித் தைத்தாள். அவன் மகள் வெல்மாவுக்கு அப்போது ஒன்றரை வயது. எட்டு வயதில் அவள் ஒருநாள் எல்ஜினிடம், அப்பா குரல் எப்படி இருக்கும் என்று கேட்டாள். என் குரல் மாதிரிதான் இருக்கும், கொஞ்சம் மேலே, என்று அவர் சொன்னார். அவள், இன்னும் கொஞ்சம் மேலே பேசிக் காட்டுங்கள் என்றாள். அவரும் முயன்றார். சரியாக வரவில்லை.

இப்போது வெல்மாவுக்கு நாற்பது வயது. மருத்துவமனை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஞாயிறுதோறும் ஷிஃப்ட் இருப்பதால் பெரியப்பா கோப்பை தூக்கும் காட்சியை அவள் பார்த்ததே இல்லை. இந்த வருஷம் விடுப்பு எடுத்திருந்தாள். கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னால், வியாழக்கிழமை, புதிதாக வந்திருந்த சி.டி.யை வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்தாள். பழைய ஒலிநாடாக்களைத் தேடியெடுத்துச் சுத்தம் செய்து மறுபடி வெளியிட்டிருந்தார்கள். கூடவே ஒரு சின்னப் புத்தகம். அவர் கண்ணுக்கு அந்த எழுத்து எட்டாது என்பதால் அவளே அடுக்களையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினாள்.

"பழைய அட்டையில ஒரு தப்பு இருந்துச்சாம் பெரியப்பா. எல்லாப் பாட்டும் சனிக்கிழமை பதிவானது இல்லையாம். உங்க பாட்டு மட்டும் எட்டாம் தேதி, திங்கக்கிழமை மேட்னியாம். நாடாப் பெட்டி மேலேயே எழுதியிருக்காம்." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க சனிக்கிழமைன்னுல்ல சொல்வீங்க?"

"நாப்பத்து மூணு வருஷம் ஆச்சேம்மா" என்றார் எல்ஜின். அது பொய்யில்லை. பதிலுமில்லை.

அவள் போன பிறகு சி.டி.யைப் போட்டார். பழைய ரெக்கார்டில் அந்தக் குரலுக்குப் பின்னால் சரசரவென்று ஒரு சத்தம் வரும். டிரம்ஸில் இருக்கும் தாளத் தகடு என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தூசி துடைத்த இந்தப் பதிவில் அது சிரிப்பு. கத்திய ஆளே, தான் கத்தியதற்குத் தானே வெட்கப்பட்டுச் சிரிக்கிற சிரிப்பு. முடிகிற இடத்தில் மெல்லிய விசில். துறைமுகத்துக் கொக்கி பட்டு ரூஃபஸுக்கு முன்பல் உடைந்திருந்தது. சிரித்தால் அந்த ஓட்டை வழியாகக் காற்று பிரியும்.

நம்ம சூட்டோட குரல். தமாஷுக்குச் சொன்னதாக இத்தனை காலம் நினைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை முழுவதும் யோசித்தார். சூட் விஷயம் தெரிந்த அம்மா இல்லை, ரூஃபஸ் இல்லை. தேதியைத்தான் திருத்தியிருக்கிறார்கள், குரல் யாருடையது என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. சரி, திங்கட்கிழமைதான் போனேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. உண்மையைச் சொன்னால்? கோரா போகிற வீடெல்லாம் பெருமையாகச் சொல்லிவந்தாள். அவளைப் பொய்க்காரி ஆக்க வேண்டும். ரேடியோவில் பேசியது, குனிந்து வணங்கிய அந்த ஜப்பான்காரர், "நிதானம்" என்ற பெயர், எல்லாவற்றையும் கழற்றி வைத்தால் மிச்சம் கடிதம் பிரித்த ஒரு கிழவன். அத்தோடு, ஒரு சூட்டைப் பங்கு போட்டு உடுத்திய கதையையும் கோழிக்கறி தின்கிற கூட்டத்தின் நடுவில் அவிழ்க்க வேண்டும். சனிக்கிழமை தன் நீலச் சூட்டை இஸ்திரி போட்டபோது, பழக்க தோஷத்தில் கோப்பை தூக்கும் கையின் மடிப்பை இரண்டு தடவை தேய்த்தார். இடையிடையே எட்டு வயது வெல்மா வந்து, இன்னும் கொஞ்சம் மேலே பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வெல்மாவைக் கூட்டிக்கொண்டு போனார். ஆர்லின் அவளைக் கட்டிக்கொண்டு, கொழுத்த கோழித்துண்டாகப் பார்த்து அவள் தட்டில் வைத்தார். உருளைக்கிழங்கு சாலட், பன்றி எலும்பு போட்டு வேகவைத்த கீரை, சர்க்கரைவள்ளிக்கிழங்கை உள்ளே வைத்துச் சுட்ட இனிப்பு. வழக்கம்போலப் பேச்சு பெர்ல் ரூமுக்குப் போயிற்று. எந்த டிரம்மர் குச்சி உடைந்தும் நிறுத்தாமல் வாசித்தார், எந்த டிரம்பெட்காரர் கடன் வாங்கிய டிரம்பெட்டோடு வந்து எல்லோரையும் அழ வைத்தார், மேடைக்குப் பக்கத்து மேஜையில் ஊதுகிறவர் எச்சில் தெறிக்கும் என்பதற்காகவே யார் யார் அங்கே இடம் பிடித்தார்கள். அந்த மேஜையில் உட்கார்ந்ததாக எட்டுப் பேரும் சொன்னார்கள். மேஜைக்கு நாற்காலி நாலுதான் என்று ஆர்லின் சொன்னார்.

ஹோசியா சின்னப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவர் மூக்குக்கண்ணாடியை இறக்கினார்.

"ஏம்ப்பா எல்ஜின், உன் பாட்டு திங்கக்கிழமைன்னு போட்டிருக்கான். தபால் ஆபீஸ்ல திங்கக்கிழமை லீவு குடுத்த மகராசன் யாரு? எங்க அண்ணன் செத்ததுக்கே எங்க மேஸ்திரி எனக்குத் திங்கக்கிழமை லீவு தரல."

எல்ஜின் வாயைத் திறப்பதற்குள் ஆர்லின் முந்திக்கொண்டார்.

"நீ சும்மா இரு ஹோசியா. பரிமாறினவ நான். இவர் ரெண்டு நாளும் வருவார். அதே சாம்பல் சூட். சனிக்கிழமைன்னா பீர், திங்கக்கிழமைன்னா ஐஸ் இல்லாம ஜிஞ்சர் ஏல். சனிக்கிழமை குடிச்சதுக்குத் திங்கக்கிழமை விரதம் போலன்னு நெனச்சுக்குவேன். சில நாள் பேண்ட் சுருங்கிப்போய் காலுறைகூடத் தெரியும், பாவம். நல்லா இஸ்திரி போடத் தெரியாத ஆளுன்னு எனக்கு ஒரே இரக்கம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஹோசியா இரண்டு கையையும் தூக்கித் தோல்வியை ஒப்புக்கொண்டார். வெல்மாவும் சிரித்தாள், பெரியப்பாவுக்காக ஒரு சாட்சி கிடைத்த பெருமை அவள் முகத்தில் இருந்தது. எல்ஜின் தப்பித்துவிட்டார். கண்ணால் பார்த்தவள், நல்ல மனசோடு, தெரியாமல் சொன்ன சாட்சி. இனி எந்த நாடாப் பெட்டியாலும் அவரை அசைக்க முடியாது.

வெல்மா கொண்டுவந்த சி.டி.யையே போட்டார்கள். டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும் ஒன்றாகப் புறப்பட்டு, டிரம்பெட் ஒதுங்கி, டிலரி ஏறத் தொடங்கினார். ஹோசியாவின் விரல்கள் முழங்காலில் ஓடின. எல்ஜின் கையில் கோப்பை இருந்தது. டிலரி உச்சிக்குப் போய் மூச்சுக்கு நின்றார்.

"அவசரமில்ல ராசா, நிதானமா சொல்லு!"

எல்லோரும் திரும்பினார்கள். எல்ஜின் எழவில்லை. கோப்பை முழங்காலிலேயே இருந்தது. முழங்கால் வலி என்று நினைத்து ஆர்லின் கை நீட்டினார். அதற்குள் டிலரி இறங்கி முடித்து, பாஸ் தனியாகப் பேச ஆரம்பித்துவிட்டது.

"அது நான் இல்ல" என்றார் எல்ஜின்.

ஆர்லின் விரல் தானாக உதட்டுக்குப் போயிற்று. இருபத்திரண்டு வருஷத்தில் எல்ஜின் பாஸுக்கு நடுவில் வாய் திறந்ததே இல்லை. எல்ஜின் மறுபடி ஏதோ சொல்லப் பார்த்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்ப எடுத்தார். ஹோசியாவின் விரல்கள் முழங்காலில் நின்றன. அவர் எல்ஜினையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாக, சர்ச்சில் சொல்கிற மாதிரி சொன்னார்.

"அவசரமில்லப்பா. நிதானமா சொல்லு."

எல்ஜின் சொன்னார். ஒற்றை அறை, ஒரே சூட், திங்களும் சனியும், அடுக்களை மேஜையில் கரண்டிக் கச்சேரி, உடைந்த முன்பல், அடக்கம் செய்த நாளில் அம்மா இறக்கித் தைத்த மடிப்பு. ஆர்லினைப் பார்த்து, "ஜிஞ்சர் ஏல் குடிச்சவன் என் தம்பி, மிஸ் ஆர்லின். சூட் ஒண்ணு, ஆள் ரெண்டு" என்றார். வெல்மா அவரைப் பார்க்கவில்லை, ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாஸ் முடிந்து, டிரம்ஸ் முடிந்து, பாட்டே முடிந்துவிட்டிருந்தது.

முதலில் பேசியது ஆர்லின்தான். "மூணு வருஷம் அந்த ஆள்கிட்ட, 'என்ன கண்ணு, இன்னிக்கு பீர் வேண்டாமா'ன்னு கேட்டிருக்கேனே. ஒரு நாள்கூட அவன் திருத்தலையே."

"அவன் திருத்த மாட்டான்" என்றார் எல்ஜின். "என்னையும் திருத்தல."

வெல்மா இன்னொரு தடவை போடச் சொன்னாள். போட்டார்கள். குரல் வந்தபோது யார் பக்கமும் யாரும் திரும்பவில்லை. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். கொஞ்சம் மேலே, எல்ஜின் ஒருகாலமும் எட்ட முடியாத உயரத்தில் இருந்தது குரல்.

"பின்னாடி வர்ற அந்தச் சிரிப்பு, அதுவும் அவரா?"

"அத வெச்சுத்தாம்மா கண்டுபிடிச்சேன்."

அவள் தலையை ஆட்டினாள். பாதி ஆட்டலில் நிறுத்திவிட்டு, மறுபடி போடச் சொன்னாள். மூன்றாவது முறை கேட்டு முடித்ததும் ஹோசியா தொண்டையைச் செருமினார். செத்துப்போன ஒருவனை இருபத்திரண்டு வருஷமாகக் கிண்டல் பண்ணியிருக்கிறேன், என்னை மன்னிக்கணும், என்று வெல்மாவிடம் சொன்னார். பிறகு, கொத்தனார் சுவரை நூல்பிடித்துப் பார்க்கிற மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "இப்பக் கேட்டா சரியான அடியிலதான் விழுந்திருக்கு."

எல்ஜின் தட்டுகளைச் சேகரித்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். விடுங்கள் என்று யாரோ சொன்னார்கள். சட்டம் சட்டம்தான் என்று அவர் போய்விட்டார். அடுக்களையில் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக் குழாயைத் திறந்தபோது, வெல்மா வந்து பக்கத்தில் நின்று துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டாள். காலுறை என்ன நிறம் என்று கேட்டாள். பழுப்பு என்றார். சாம்பல் சூட்டுக்குப் பழுப்பா என்றாள். அவனிடம் அது ஒன்றுதான் இருந்தது என்றார். அவள் இன்னும் ஏதோ கேட்க வந்தாள்.

கீழே ஹோசியா பாட்டை மறுபடி முதலிலிருந்து போட்டிருந்தார். டிலரி ஏறிக்கொண்டிருப்பது படிக்கட்டு வழியாகக் கேட்டது. வெல்மா கையில் தட்டோடு அப்படியே நின்றாள். அந்தக் குரலுக்கு இன்னும் நாலைந்து அடிதான் இருந்தது. எல்ஜின் சோப்புக் கையோடு குழாயை மூடினார்.